வளையாத உத்திரம்



நான் சிவில் இன்ஜினியரிங் நடத்தியவன். பாலம், கான்கிரீட், மண் என்று ஏதாவது பேசுவேன் என்று என்னை இந்த மேடைக்கு அழைத்தவர்கள் நினைத்திருப்பார்கள். நானாகக் கேட்டு வாங்கிய தலைப்பு வேறு. முதல் செமஸ்டரில் எல்லாத் துறை மாணவர்களும் படிக்கும் புரோகிராமிங் பாடம் அது. ஆள் பற்றாக்குறையால் ஒரு வருடத்துக்கு மட்டும் என்று என்னிடம் ஒப்படைத்தார்கள். பிறகு நானே விரும்பி, ஓய்வு பெறும்வரை அதை நடத்தினேன். அந்தப் பாடத்தின் லேபுக்குள் நுழையும்போது பிள்ளைகளின் முகத்தில் தெரியும் பயத்தை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். பள்ளியில் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள் இரண்டே வாரத்தில் "எனக்கு இது வராது சார்" என்று வந்து நிற்பார்கள். அவர்களுக்கு வராது என்பதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. கோளாறு நாம் சொல்லிக்கொடுக்கும் வரிசையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1978-இல் நான் இரண்டாம் ஆண்டு மாணவன். எங்களுக்கு ஃபோர்ட்ரான் பாடம். கல்லூரியில் கணிப்பொறி கிடையாது. நிரலை அட்டைகளில் துளையிட்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, வெளியூரில் இருந்த ஒரு கணிப்பொறி மையத்துக்கு அனுப்ப வேண்டும். ஓர் அட்டைக்கு ஒரு வரி. அட்டையில் 80 கட்டங்கள். முதல் ஐந்து வரி எண்ணுக்கு, ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கு, ஏழிலிருந்து 72 வரை கட்டளைக்கு. ஒரு கட்டம் தள்ளித் துளையிட்டால் எல்லாம் போயிற்று. விடை அச்சாகித் திரும்பி வர நாலைந்து நாளாகும்.

எனக்குக் கொடுத்த கணக்கு எளியது. இரு முனையிலும் தாங்கப்பட்ட ஓர் உத்திரம், அதன்மேல் சீரான பாரம், நடுவில் எவ்வளவு தொய்யும்? சிவில் மாணவர் எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்: ஐந்து பெருக்கல் பாரம் பெருக்கல் நீளத்தின் நான்காம் அடுக்கு, இதை 384, யங் குணகம், நிலைமத் திருப்புத்திறன் மூன்றின் பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும். நான் ஐந்தின் கீழ் 384 என்பதை முதலில் எழுதி, மற்றவற்றை அதோடு பெருக்கி, வகுத்து ஒரே வரியில் முடித்துவிட்டேன். ஐந்தாம் நாள் தாள் வந்தது. விடை: பூஜ்யம்.

அதை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போனேன். நிரல் ஓடியிருந்தது, பிழைச்செய்தி எதுவும் இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர் தாளைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "தம்பி, நீ இதுவரைக்கும் எத்தனை உத்திரம் பார்த்திருப்பே? ஒண்ணாவது வளையாம இருந்திருக்கா?"

"கம்ப்யூட்டர் அப்படித்தான் சார் சொல்லுது" என்றேன்.

"அது ஒண்ணும் சொல்லலை. நீ சொன்னதைச் செஞ்சிருக்கு. நீ என்ன சொன்னேன்னு இப்ப நாம பார்ப்போம்." பென்சிலை என் கையில் கொடுத்தார். "நீதான் இப்ப மெஷின். இடதுபக்கத்துலேருந்து வா. முதல்ல என்ன?"

"ஐந்தை 384-ஆல் வகுக்கணும் சார்."

"ரெண்டும் என்ன எண்?"

"முழு எண்."

"ஃபோர்ட்ரான்ல முழு எண்ணை முழு எண்ணால வகுத்தா?"

ஈவு மட்டும் நிற்கும், மீதி போய்விடும். அது எனக்குத் தெரியும். போன வாரம்தான் பரீட்சையில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஐந்தை 384-ஆல் வகுத்தால் ஈவு பூஜ்யம். பூஜ்யத்தை எதோடு பெருக்கினாலும் பூஜ்யம். தெரிந்த விதி, என் கண் முன்னால் இருந்த வரியில் எனக்குத் தெரியவில்லை. ஐந்துக்கும் 384-க்கும் பின்னால் ஒரு புள்ளி வைத்துத் திருத்தி அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஓர் எண் வந்தது. பார்க்க நியாயமான எண். நான் அதை ரெக்கார்டு நோட்டில் ஏற்றியிருப்பேன். ஆனால் அவர் முன்பே, கையால் போட்ட கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தாளைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். வைத்துப் பார்த்தேன். அச்சான விடை என் கைக்கணக்கில் 62 சதவீதம்தான் இருந்தது. மறுபடி பென்சில். ஃபோர்ட்ரானில் ஓர் ஏற்பாடு உண்டு: ஆங்கிலத்தின் ஐ முதல் என் வரையான எழுத்துகளில் பெயர் தொடங்கினால், தனியாக அறிவிக்காதவரை, அந்த மாறி முழு எண்ணை மட்டுமே வைத்திருக்கும். நீளத்துக்கு நான் வைத்த பெயர் எல். உத்திரத்தின் நீளம் 4.5 மீட்டர். எல்லுக்குள் போனது 4. நான்கின் நான்காம் அடுக்கு 256, 4.5-இன் நான்காம் அடுக்கு 410. என் உத்திரத்தில் அரை மீட்டர் காணாமல் போனது எனக்குத் தெரியாது.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த இரண்டாவது விடைதான் என்னை உறுத்துகிறது. பூஜ்யம் வந்தால் யாராவது ஒருவர் கேட்பார். 62 சதவீதத்தை யார் கேட்பார்கள்? அந்த எண்ணை நம்பி ஒருவர் ஒரு தளத்தைப் போட்டிருந்தால்?

புரோகிராமிங் என்ற பெயரில் நான் கற்ற முதல் உண்மையான பாடம் அந்த ஆசிரியரின் மேசையில்தான் நடந்தது. அங்கே கணிப்பொறி இல்லை. எழுதிய நிரலை ஒரு வரி விடாமல் வாசித்தோம், இயந்திரத்தின் இடத்தில் நின்று வாசித்தோம், விடை இன்னதாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தோம். லேபில் இதை டிரை ரன் என்பார்கள். நம் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரம்கூடத் தனியாக இல்லை என்பதே என் குறை.

வரலாற்றை இரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறேன். ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரானை வெளியிட்டது 1957-இல். கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்தது 1963-இல். ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அங்கே பாடம் நடத்தினார். மாணவன் வாங்கக்கூடிய விலையில் ஃபோர்ட்ரான் நூல் எழுதினார். 1965-இல் அங்கே கணிப்பொறி அறிவியல் படிப்பு தொடங்கக் காரணமாக இருந்தார். என் தலைமுறையில் பலர் கணிப்பொறியைப் பார்ப்பதற்கு முன்பே அவர் புத்தகத்தைப் பார்த்தவர்கள்.

பிறகு சி மொழி வந்தது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. நம் கல்லூரிகளுக்கு அது டர்போ சி-யின் நீலத்திரையாக வந்து சேர்ந்தது. யஷவந்த் கானேட்கரின் நூலும், அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பாலகுருசாமியின் நூலும் இல்லாத விடுதி அறையை நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில்தான் நான் இந்தப் பாடத்தை நடத்தத் தொடங்கினேன்.

அப்போதைய லேபில் தவறாமல் வரும் பயிற்சி ஒன்று உண்டு: ஃபேக்டோரியல் காண்பது. எல்லா ரெக்கார்டிலும் உள்ளீடு 5, விடை 120. ஐந்துதான் கரும்பலகையில் இருந்தது, ஐந்துதான் சீனியரின் ரெக்கார்டில் இருந்தது. ஒரு நாள் ஒரு மெக்கானிக்கல் மாணவி, பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவள், 8 கொடுத்துப் பார்த்தாள். திரையில் வந்தது: கழித்தல் 25216.

அவள் என்னை அழைக்கவில்லை. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பயந்து திரையை அழிக்கப் போனாள். நான் பார்த்துவிட்டேன். "அழிக்காதம்மா" என்றேன். ஒன்றிலிருந்து எட்டுவரை எண்களைப் பெருக்கினால் கழித்தல் எப்படி வரும்? வகுப்பு முழுவதையும் அந்தத் திரையைச் சுற்றி நிற்கவைத்தேன். டர்போ சி-யில் முழு எண்ணுக்கு 16 பிட் இடம். அதில் கொள்ளக்கூடிய மிகப் பெரிய எண் 32767. எட்டின் ஃபேக்டோரியல் 40320. கொள்ளாது. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் எல்லா ஒன்பதையும் கடந்ததும் பூஜ்யத்துக்குச் சுற்றிவருமே, அதுபோல இதுவும் சுற்றும். சுற்றினால் எதிர்மப் பக்கத்தில் போய் விழும். 40320-லிருந்து 65536-ஐக் கழியுங்கள் என்றேன். எல்லோரும் நோட்டில் போட்டார்கள். கழித்தல் 25216 வந்தபோது அந்த லேபில் எழுந்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்தப் பெண் அழித்திருந்தால் ஒரு வகுப்பே அந்த நாளை இழந்திருக்கும்.

இது சிறுபிள்ளைக் கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1996 ஜூன் 4 அன்று, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் முறையாகப் புறப்பட்டது. 40 விநாடிகளுக்குள் வானில் சிதறியது. காரணம் இதே 32767. ராக்கெட்டின் பக்கவாட்டு வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பு, 64 பிட் தசம எண்ணாக இருந்ததை, 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் எண் கொள்ளவில்லை. அந்த நிரல் பகுதி அதற்கு முந்தைய ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடியது. புதிய ராக்கெட்டின் பாதையில் அந்த மதிப்பு பெரிதாகும் என்பதை ஒருவரும் வரிவரியாக வைத்துப் பார்க்கவில்லை. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதும் மாணவனுக்கு இதைவிட நேரான எச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டில் மாணவர்கள் நம்மைவிட நன்றாகக் கற்கிறார்கள், நம் பிள்ளைகள்தான் மக்கு என்று சில ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. 2001-இல் மைக்கேல் மெக்கிராக்கன் தலைமையில் பல நாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். முதல் புரோகிராமிங் பாடத்தை முடித்த 216 மாணவர்களிடம், நான்கு பல்கலைக்கழகங்களில், கால்குலேட்டர் போன்ற ஒரு சிறு நிரலை எழுதச் சொன்னார்கள். சராசரி மதிப்பெண் 110-க்கு 22.89. ஆசிரியர்களே அதிர்ந்துபோனார்கள்.

2004-இல் ரேமண்ட் லிஸ்டர் தலைமையில் இன்னொரு குழு வேறொரு கேள்வி கேட்டது. எழுதத் தெரியவில்லை சரி, எழுதிக் கொடுத்ததை வாசிக்கவாவது தெரிகிறதா? ஏழு நாடுகளில் 12 கேள்விகள். நிரல் துண்டைக் கொடுத்து, ஓடி முடிந்ததும் இந்த மாறியில் என்ன இருக்கும் என்பது போன்ற கேள்விகள். பலர் அதிலேயே தடுமாறினார்கள். மாணவர்கள் ஓரத்தில் கிறுக்கிய தாள்களையும் அந்தக் குழு சேகரித்து வைத்துப் பார்த்தது. மாறிகளின் மதிப்பு ஒவ்வொரு சுற்றிலும் எப்படி மாறுகிறது என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போனவர்கள் பெரும்பாலும் சரியான விடைக்கு வந்திருந்தார்கள். வெறும் கண்ணால் பார்த்து விடை சொன்னவர்கள் அந்த அளவுக்கு வரவில்லை. என் ஆசிரியர் 1978-இல் பென்சிலைக் கையில் கொடுத்தாரே, அதைத்தான் இவர்கள் எண்ணி அளந்து காட்டினார்கள்.

இப்போது நம் லேபுக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகம் 2017 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டருக்கு சி-க்குப் பதிலாகப் பைத்தானைக் கொண்டுவந்தது. நல்ல முடிவு. குறியீட்டுத் தொல்லை குறைந்தது. அந்தப் பாடத்தின் முதல் அலகில் இருந்த எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்: பட்டியலில் சிறியதைக் கண்டுபிடிப்பது, வரிசையாக இருக்கும் சீட்டுகளுக்கு நடுவே ஒரு சீட்டைச் செருகுவது, ஓர் எல்லைக்குள் இருக்கும் எண்ணை ஊகிப்பது, ஹனோய் கோபுரம். நான்கும் கணிப்பொறி இல்லாமலே விளையாட வேண்டியவை. பாடத்திட்டம் வகுத்தவர்கள் அதை அறிந்தே முதலில் வைத்திருக்கிறார்கள். பல கல்லூரிகளில் அந்த அலகு இரண்டு மணி நேரத்தில் ஸ்லைடு காட்டி முடிந்துவிட்டது. நான் என் வகுப்பில் 60 விடைத்தாள்களைக் கலைத்துப் போட்டு, பதிவெண் வரிசையில் அடுக்கச் சொல்வேன். எப்படி அடுக்கினாய் என்று கேட்டால் முதலில் "சும்மா அடுக்கினேன் சார்" என்பார்கள். அந்தச் சும்மாவுக்குள்தான் அல்காரிதம் இருக்கிறது. அதை வெளியே எடுத்துச் சொல்ல வைப்பதற்கு ஒரு மணி நேரம் போகும். போகட்டும்.

2021 பாடத்திட்டத்தின் லேபில் முதல் பயிற்சியாக மின்கட்டணம், கம்பியின் எடை போன்ற அன்றாடக் கணக்குகள் வந்தன. இதையும் மனதாரப் பாராட்டுகிறேன். மின்கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அம்மாவுக்குத் தெரிந்த கணக்கு அது. அந்தப் பாடத்திட்டம் வந்தபோது இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. 500-ஐத் தாண்டினால் கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறிவிடும். அதனால்தான் ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரத்தில் ஏசியை அணைக்கச் சொல்லி வீட்டில் சண்டை நடக்கிறது. ஆனால் மாணவர் எழுதும் நிரலைச் சோதிக்க என்ன யூனிட் கொடுக்கிறார்? 150 அல்லது 250. நடுவில் இருக்கும் எண்கள். பிழை நடுவில் உட்காராது, எல்லையில் உட்காரும். 100-க்கு என்ன, 101-க்கு என்ன, 500-க்கு என்ன, 501-க்கு என்ன? "விட அதிகம்" என்று எழுத வேண்டிய இடத்தில் "அதிகம் அல்லது சமம்" என்று எழுதியிருந்தால் சரியாக 500 யூனிட் எரித்த குடும்பத்துக்குத்தான் அநியாயமான பில் போகும். இந்த நான்கு எண்களுக்கும் நிரல் என்ன விடை தரும் என்பதை ஓடவிடுவதற்கு முன் நோட்டில் எழுதிவைக்கச் சொல்வேன். எழுதாமல் யாரும் எண்டர் தட்டக்கூடாது. தொடக்கத்தில் முணுமுணுப்பார்கள். மூன்றாவது வாரத்தில், தான் எழுதிவைத்த விடையும் திரையில் வந்த விடையும் வேறாக இருக்கும்போது, ஒருவர் முகத்தில் வரும் ஆர்வத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிறு உதாரணம். பட்டியலில் பெரிய எண்ணைக் காண நிரல். "பெரியது" என்ற மாறியில் முதலில் பூஜ்யத்தை வைத்து, ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டு, அதைவிடப் பெரியது வந்தால் மாற்றிக்கொண்டு போவார்கள். 4, 9, 2 கொடுத்தால் 9 வரும். சபாஷ். தொடர் உத்திரத்தின் தாங்குமுனைகளில் வரும் வளைவுத் திருப்புத்திறன்களைக் கொடுங்கள்: கழித்தல் 12, கழித்தல் 7, கழித்தல் 15. பென்சிலால் போங்கள். பூஜ்யத்தைவிடக் கழித்தல் 12 பெரியதா? இல்லை. கழித்தல் 7? இல்லை. கழித்தல் 15? இல்லை. பெரியது பூஜ்யம் என்று நிரல் சொல்லும். பட்டியலிலேயே இல்லாத எண்! பட்டியலின் முதல் எண்ணையே தொடக்க மதிப்பாக வைக்க வேண்டும் என்பதை மாணவர் தானாகவே சொல்வார், நாம் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டிலும் தமிழ்வழிப் பிரிவுகளைத் தொடங்கியது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்தது. தமிழில் படித்துவந்த பிள்ளைகள் இன்று நம் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். புரோகிராமிங் ஆங்கிலத்தில் இருப்பதால் இவர்களுக்குக் கஷ்டம் என்கிறார்கள். பைத்தானில் முதல் செமஸ்டருக்குத் தேவைப்படும் ஆங்கிலச் சொற்கள் இருபது முப்பதுதான். அதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். கஷ்டம் வருவது, விளக்கமும் ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும்போது.

"எக்ஸ் சமம் எக்ஸ் கூட்டல் ஒன்று" என்று பலகையில் எழுதினால், பன்னிரண்டாம் வகுப்புவரை கணிதம் படித்த பிள்ளை திகைத்துப்போகிறது. ஒரு எண் தன்னைவிட ஒன்று கூடியதற்கு எப்படிச் சமமாகும்? திகைப்பது நியாயம்தான். அது சமன்பாடு அல்ல, ஏவல். அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: "எக்ஸில் இருப்பதை எடுத்து, அதோடு ஒன்றைக் கூட்டி, மறுபடி எக்ஸிலேயே வை." இயந்திரம் செய்யும் வரிசை இதேதான். வலப்பக்கம் முதலில் கணக்கிடப்படும், பிறகு இடப்பக்கத்தில் வைக்கப்படும். எடுத்து, கூட்டி என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போய் கடைசியில் ஏவல் வினையால் முடிப்பது நம் மொழியின் இயல்பு. சமையல் குறிப்பு சொல்லும் பாட்டி இப்படித்தான் சொல்கிறாள். "கொதித்தால் இறக்கு", "கொதிக்கும்வரை கிளறு" இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த பிள்ளைக்கு இஃபுக்கும் வைலுக்கும் உள்ள வித்தியாசம் புரியாமல் போகாது. ஒவ்வொரு வரியையும் மாணவர் தன் வாயால் தமிழில் சொல்ல வேண்டும் என்பதை என் லேபில் விதியாகவே வைத்திருந்தேன். ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கும் அதே விதிதான். பைத்தான் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மொத்தம், நீளம், எடை என்று பெயர் வைத்து எழுதலாம், ஓடும். முழுக்கவே தமிழ்ச் சொற்களால் எழுத எழில் என்ற நிரல்மொழியும் இருக்கிறது.

தமிழை நிரலுக்குள் கொண்டுபோகும்போது அருமையான கேள்விகளும் வருகின்றன. சொல்லைத் திருப்பிப் போட்டு, முன்னும் பின்னும் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது லேபில் உள்ள பயிற்சி. எல்லோரும் "மலையாளம்" என்பதை ஆங்கில எழுத்தில் கொடுத்துச் சரி என்ற விடையை வாங்குவார்கள். ஒரு சிவில் மாணவர் "விகடகவி" என்று தமிழில் கொடுத்தார். நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல், திருப்பினாலும் விகடகவி. பைத்தான் இல்லை என்றது. ஏன்? நமக்கு அதில் ஐந்து எழுத்து. யூனிகோடு முறையில் "வி" என்பது வகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு இடம். ஆக மொத்தம் ஏழு. அதைத் திருப்பிப் போட்டால் இகரக் குறி முதலில் வந்து நிற்கும், கடைசியில் வெறும் வகரம் நிற்கும். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் கேட்டால் பைத்தான் மூன்று என்று சொல்லாது, ஐந்து என்று சொல்லும். அந்த மாணவர் அன்று மாலைவரை உட்கார்ந்து, உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் முன்னே உள்ள எழுத்தோடு ஒட்டி ஒரே எழுத்தாக்கிய பிறகு திருப்பும் நிரலை எழுதினார். எழுத்து என்றால் என்ன என்று இலக்கண வகுப்பில் படித்ததை அவர் நிரலுக்காக மறுபடி யோசித்தார். மென்பொருள் நிறுவனத்தில் அவர் வேலைக்குப் போகவில்லை. இன்று நெடுஞ்சாலைப் பணியில் இருக்கிறார். மண் பரிசோதனை எண்களை அலச அவரே நிரல் எழுதிக்கொள்கிறார்.

இனி ரெக்கார்டு நோட்டைப் பற்றி வருத்தத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். மேலே நோக்கம், பிறகு அல்காரிதம், பிறகு நிரல், அவுட்புட், கடைசியில் "இவ்வாறாக நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டது" என்ற வரி. வெற்றிகரமாக ஓடியது மட்டும்தான் அதில் இருக்கும். அதற்கு முன்னால் பத்து முறை ஓடாமல் நின்றதும், ஒரு கோலன் விட்டுப்போனதும், இன்டென்டேஷன் எரர் வந்ததும், லூப் நிற்காமல் சுற்றியதும் எங்கேயும் இருக்காது. கற்றது முழுவதும் நடந்தது அந்தப் பத்து முறையில்தான். அதை மறைக்கச் சொல்லித்தான் நாம் முதலாண்டு முதலே பழக்குகிறோம். பிழை வந்தது அவமானம் என்று நினைக்கும் மாணவர், பரீட்சைக்கு நிரலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார். எக்ஸ்டர்னல் தேர்வாளர் ஒரு வரியை மாற்றிக் கேட்டால் கை நடுங்குகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இப்போது சீனியரின் ரெக்கார்டுகூடத் தேவையில்லை. கேள்வியைக் கொடுத்தால் அழகான நிரல் கையில் வந்துவிடுகிறது. இனி இந்தப் பாடமே எதற்கு என்று பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: யார் எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுவது இன்ஜினியர். வேறொருவர் போட்ட வரைபடத்தைச் சரிபார்த்து ஒப்பம் இடுகிறோமே, அந்தப் பொறுப்பு நிரலிலும் அப்படியே இருக்கிறது. என் உத்திரத்தின் அரை மீட்டரை விழுங்கியது போன்ற வரி, வேறு வேடத்தில், அந்த அழகான நிரலுக்குள்ளும் இருக்கலாம். வாசிக்கத் தெரியாதவர் அதை எப்படிப் பிடிப்பார்? எழுதும் வேலை குறையக் குறைய வாசிக்கும் வேலை கூடுகிறது.

இந்த மேடையிலிருந்து பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களிடம் இரண்டு கோரிக்கை வைக்கிறேன். முதல் செமஸ்டர் லேப் தேர்வில் பாதி மதிப்பெண்ணை, கொடுத்த நிரலை வாசித்துத் தாளில் விடை காண்பதற்கும், அதில் வேண்டுமென்றே வைத்த பிழையைப் பிடிப்பதற்கும் ஒதுக்குங்கள். ரெக்கார்டு நோட்டில் அவுட்புட்டுக்கு முன்னால் ஒரு பக்கம் கூட்டுங்கள்: நான் எதிர்பார்த்த விடை என்ன, வந்தது என்ன, ஏன் மாறியது. இதற்குப் புதிய கணிப்பொறி வாங்க வேண்டாம், நிதி ஒதுக்க வேண்டாம்.

சக ஆசிரியர்களுக்கு: பிழைச்செய்தியோடு வந்து நிற்கும் மாணவரிடமிருந்து கீபோர்டை வாங்கித் திருத்திக் கொடுக்காதீர்கள். நாற்பது பேர் காத்திருக்கும்போது அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கீபோர்டைத் தொடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து "முதல் வரியிலிருந்து சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். பாதி நேரம், மூன்றாவது வரியைச் சொல்லும்போதே அவர் "ஓ" என்று நிறுத்திவிடுவார்.

மாணவ மாணவியரே, உங்களில் பலருக்கு நாளைக் காலை லேப் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். போகும்போது ஒரு பென்சிலும் கோடு போடாத ஒரு தாளும் எடுத்துப் போங்கள். தாளில் மாறிகளின் பெயரை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். விடை என்ன வரும் என்று தாளின் மூலையில் எழுதி வட்டமிட்டுவிட்டு, அதன் பிறகு ஓடவிடுங்கள். வேறு விடை வந்தால் திரையை அழிக்க வேண்டாம். உங்கள் ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.